தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்

தெருவில் அவர்களுக்குப் பெரியக்கா, சின்னக்கா என்று பெயர். உயரத்தை வைத்து வந்த பெயர். பெரியக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எந்த வாசலிலும் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்து பழகியவள். சின்னக்கா மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். ஸ்டூல் போடாமல் மேல் அலமாரி எட்டாது. உண்மையில் சின்னக்காதான் எட்டு மாதம் மூத்தவள். அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. அவர்கள் அக்கா தங்கையே இல்லை.

அந்தப் பொய் சின்னக்காவின் கைவேலை. லென்ஸ் வேலை போலவே அதையும் பிசிறில்லாமல் செய்திருந்தாள்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால், லைசென்ஸ் புதுப்பிக்கப் போன பெரியக்காவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சின்னக்கா பொருத்திக் கொடுத்தாள். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவுகிறது என்று ஒரே வாரத்தில் நான்கு முறை வந்து நின்றாள் பெரியக்கா. மூக்கும் அப்படியேதான் இருந்தது, கண்ணாடியும் அப்படியேதான் இருந்தது. நாலாவது தடவை சின்னக்கா சிரித்துவிட்டாள். அதோடு முடிந்தது கதை, அல்லது அங்கேதான் ஆரம்பித்தது.

சேர்ந்து இருக்க வீடு தேடினார்கள். மூன்று இடத்தில் கதவைச் சாத்தினார்கள். "புருஷன் இல்ல, பிள்ளை இல்ல, ரெண்டு பொம்பளைங்க மட்டும்னா என்ன ஏற்பாடு இது?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். நாலாவது வீட்டில் சாவிக்கொத்தோடு வந்த வீட்டுக்காரம்மா, "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும்?" என்றதும், பெரியக்கா வாயைத் திறப்பதற்குள் சின்னக்கா முந்திக்கொண்டாள்.

"எங்க அக்காங்க இவ."

குடித்தனக்காரர்களின் விவரத்தை நகராட்சிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று வீட்டுக்காரம்மா ஒரு படிவத்தை நீட்டினார். உறவு என்ற இடத்தில் சின்னக்கா ‘தங்கை’ என்று எழுதினாள். ஒரே தாய்க்கு எட்டு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் பிறக்காது என்பது உறைத்ததும், தன் வயதில் இரண்டைக் குறைத்துப் போட்டாள். வயதைக் குறைக்க யாருக்குக் கசக்கும்?

பயப்படக் காரணம் இருந்தது. அப்போது அப்படி வாழ்வது சட்டப்படி குற்றம். இரண்டு தெரு தள்ளி ஒரே வீட்டில் இருந்த இரண்டு ஆண்களைப் பட்டப்பகலில் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் திரும்பி வந்தான். வேலை திரும்பி வரவில்லை. இன்னொருவன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வேனைச் சின்னக்கா கடை வாசலில் நின்று பார்த்திருந்தாள்.

ஆகவே பாடம் நடந்தது. "யார் கேட்டாலும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும், என்ன சொல்லணும்?"

"தங்கச்சி."

"அப்பா?"

"அப்பா ஒருத்தர்."

"விளையாடாத. என்ன வேலைன்னு கேட்டா?"

இந்த இடத்தில்தான் ஒருமுறை குட்டு உடையப் பார்த்தது. வீட்டுக்காரம்மா தேநீர் குடிக்கக் கூப்பிட்டபோது, அப்பா போஸ்ட் ஆபீசில் இருந்தார் என்று சின்னக்கா சொல்ல, அதே மூச்சில் கப்பலில் என்று பெரியக்கா சொன்னாள். "முதல்ல போஸ்ட் ஆபீஸ். அப்புறம்தான் கப்பல்" என்று பெரியக்காவே ஒட்டுப் போட்டாள். மேசைக்கு அடியில் சின்னக்கா அவள் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. அன்றிலிருந்து கிள்ளல்தான் சைகை. யாராவது வாய்தவறிப் பேசப்போனால் மற்றவள் கிள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்குகிறவளை உலுக்கி எழுப்பி, "நான் யாரு?" என்பாள் சின்னக்கா. "தங்கச்சி, போஸ்ட் ஆபீஸ், கப்பல், ஆளை விடு தாயே" என்று கண்ணைத் திறக்காமலே ஒப்பித்துவிட்டுப் பெரியக்கா திரும்பிப் படுப்பாள். அந்தப் பதிலில் சின்னக்காவுக்கு அப்படி ஒரு நிம்மதி.

வருடங்கள் போயின. ஒருநாள் அது குற்றமில்லை என்று ஆனது. அன்று பெரியக்கா காலி பஸ்ஸைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தி விடாமல் ஹாரன் அடித்தாள். சின்னக்கா அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள். இன்னும் பல வருடங்கள் கழித்து, இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ கல்யாணத்தைப் பதிந்துகொள்ளலாம் என்றும் சட்டம் வந்தது. பெரியக்கா தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு சமையலறையில் வந்து நின்றாள்.

"போய் எழுதிட்டு வந்துடலாமா?"

"கொஞ்சம் பொறு."

"எதுக்கு?"

"கடைக்காரர் என்ன சொல்லுவாரோ. வீட்டுக்காரம்மா வேற."

"அவங்களையா நான் கட்டிக்கப் போறேன்?"

சிரித்து மழுப்பினாள் சின்னக்கா. பிறகு மழைக்காலம் முடியட்டும் என்றாள். கடையில் தேய்க்கிற மெஷின் ரிப்பேர், ஆள் இல்லை என்றாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் யாராவது புகார் எழுதினால் உன் பஸ் என்ன ஆகும் என்றாள். இது மட்டும் நிஜமான பயம். பெரியக்கா கேட்பதை மாதத்துக்கு ஒரு முறையாகக் குறைத்தாள், பிறகு பிறந்தநாளுக்கு ஒரு முறையாக. மூன்று வருடம் அப்படிப் போனது.

சின்னக்காவை அசைத்தது ஒரு வாடிக்கையாளர். இருபது சொச்சம் வயதில் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். "அண்ணே, என் பொண்டாட்டி மூஞ்சிக்கு எது எடுப்பா இருக்கும்னு சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. சின்னக்கா பின்னறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைக்காரர் தலைநிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சதுர முகத்துக்கு வட்ட ஃபிரேம்தாம்மா. அந்த மூணாவது தட்டை எடு" என்றார். அவ்வளவுதான். மெஷினிலிருந்து கையை எடுக்க மறந்துபோன சின்னக்கா, லென்ஸ் ஒன்றை ஃபிரேமில் நிற்காத அளவுக்குத் தேய்த்துவிட்டிருந்தாள். பல வருடங்களில் அவள் கெடுத்த முதல் லென்ஸ் அது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள், "நாளைக்கு லீவ் போடு."

பெரியக்கா உடனே எழுந்தாள். போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

பதிவு அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா வழுக்கைத் தலைக்காரர், நல்ல மனிதர். "வாங்க, வாங்க. இந்த வாரத்துல நீங்க மூணாவது ஜோடி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் தட்டினார். மறுபடி தட்டினார். முகம் சுருங்கியது.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்கன்னு வருதே?"

"அது சும்மா எழுதினதுங்க" என்றாள் சின்னக்கா.

"சும்மாவா? இருபத்தேழு வருஷமா பதிவேட்டுல இருக்கு. ஆஸ்பத்திரி, ஆபீஸ், எல்லா இடத்துலயும் இங்கேருந்துதான் எடுத்திருக்காங்க. சகோதரிங்களுக்குப் பதிவு பண்ண எந்தச் சட்டமும் இல்லைங்க."

"அன்னிக்கு உண்மையை எழுதியிருந்தா வேன்ல ஏத்தியிருப்பாங்க" என்றாள் பெரியக்கா.

"தெரியுதும்மா. எனக்குத் தெரியுது, கம்ப்யூட்டருக்குத் தெரியலையே." திருத்த வழி இருந்தது. படிவம் கொடுத்த வீட்டுக்காரம்மாவின் கையெழுத்து வேண்டும். இவர்களில் ஒருவருடைய இரத்த உறவு ஒருவர் நேரில் வந்து, இன்னொருத்தி தன் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை என்று எழுதித் தரவேண்டும்.

சின்னக்காவுக்கு இரத்த உறவு என்று யாரும் மிச்சமில்லை. பெரியக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். ஊரின் மறுகோடியில் டயர் கடை. இருபத்தேழு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

வீட்டுக்காரம்மாவிடம்தான் முதலில் போனார்கள். சின்னக்கா வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். அங்கே போனதும் எல்லாம் கொட்டிப்போயின. "நாங்க அக்கா தங்கச்சி இல்லைங்க" என்று மட்டும் வந்தது.

வீட்டுக்காரம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். சின்னக்கா பொருத்திக் கொடுத்த கண்ணாடி. "அடியேய், இது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? எங்கக்கா வந்து நாலு நாள் தங்கினா அஞ்சாவது நாள் பாத்திரம் பறக்கும். நீங்க இவ்வளவு வருஷமா ஒருத்தி துணியை ஒருத்தி மடிச்சு வெச்சுக்கிட்டு இருக்கீங்க. இதுல அப்பா ஒருநாள் போஸ்ட் ஆபீசாம், ஒருநாள் கப்பலாம்."

"அப்போ ஏம்மா நீங்க கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு, பேனாவை மூடாமலே வீட்டுக்காரம்மா சொன்னார், "ஆரம்பத்துலேயே சொல்லியிருந்தா வீடு கொடுத்திருக்க மாட்டேன். அது நிஜம். ஆனா அப்புறம் எத்தனையோ நாள் இருந்துச்சே." அந்த ‘எத்தனையோ நாள்’ சின்னக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. பெரியக்கா கேட்ட ஒவ்வொரு பிறந்தநாளும் அதில் இருந்தது.

தம்பி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் நிமிர்ந்தான். அவனும் அவ்வளவு உயரம். முகத்தில் வந்த சந்தோஷத்தை அவனே துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"நரைச்சுப் போயிட்டியே" என்றான்.

"நீ மட்டும் என்னவாம், குலைதள்ளின மாதிரி தொப்பை."

விஷயத்தைக் கேட்டதும் கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். அவன் மனைவி உள்ளே இருந்தாள். "கையெழுத்து என்ன பெரிய கையெழுத்து, போடறேன். ஆனா இப்போ வேண்டாம். பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கோம். அந்த வீட்டுக்காரங்க காதுல விழுந்தா நின்னு போயிடும். கல்யாணம் முடியட்டும்."

"எப்போ?"

"ஏழு மாசம். சட்டம் எங்கே ஓடிடப் போகுது?"

கொஞ்சம் பொறு என்று மூன்று வருடம் சொன்னவளுக்கு, ஏழு மாதம் பொறு என்கிறவனிடம் சண்டை போட வாய் வரவில்லை. "அத்தைக்குப் பத்திரிகை உண்டா?" என்று பெரியக்காதான் சிரித்துக்கொண்டே கேட்டாள். தம்பி டயர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐந்தாவது மாதத்தில் பெரியக்கா பஸ்ஸை ஒரு பெட்டிக்கடை வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் படிப்பை முடித்துப் போய்விட்ட ஒரு பெண் ஏறுகிற நிறுத்தம் அது. "டிரைவரக்கா, இங்க யாரும் இல்ல" என்று பிள்ளைகள் கத்தின. "வருவா, வருவா, எப்பவும் லேட்டுதான் அவ" என்றாள். மறுநாள் பாதி வழியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டு, சாவியை எடுத்து ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பஸ் மட்டும் அவளிடமிருந்து போனது.

மூளைக்குப் போகிற நுண்ணிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன என்றார் டாக்டர். திரும்ப வராது, மெதுவாகப் போகும், சில காலைகள் நன்றாக இருக்கும். எதை முதலில் மறப்பாள் என்று சின்னக்கா கேட்டாள். புதிதாக வந்தவை முதலில் போகும், அடிக்கடி சொல்லிச் சொல்லிப் பழகியவை கடைசி வரை இருக்கும் என்றார் அவர். ஆறுதலாகச் சொன்னார்.

மகளின் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் தம்பி தானாகவே வந்து கையெழுத்துப் போட்டான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "நீ யாருப்பா, டயர்க்காரனா?" என்று அவள் கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டான்.

திருத்தம் வந்தது. குமாஸ்தா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ‘தங்கை’ இருந்த இடத்தில் இப்போது ‘உறவு இல்லை’ என்று இருந்தது.

"ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "பதிவு ஆகற வரைக்கும் சட்டப்படி நீங்க அவங்களுக்கு யாரோ. ஆஸ்பத்திரிக் கடிதாசு எல்லாம் இனிமே தம்பி விலாசத்துக்குத்தான் போகும். எங்க வைக்கிறது, என்ன வைத்தியம்னு அவர்தான் முடிவு பண்ணணும். சீக்கிரம் நல்ல நாளாப் பார்த்துக் கூட்டிட்டு வந்துடுங்க."

நல்ல நாள் என்றால் நல்ல காலை. பதிவு அதிகாரி இருவரையும் தனித்தனியாக அழைத்து இரண்டு கேள்வி கேட்பார்: யாரைக் கட்டிக்கொள்ள வந்திருக்கிறாய், உன் சொந்த விருப்பமா. சொந்த வார்த்தையில் பதில் வரவேண்டும். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

சின்னக்கா மறுபடி பாடம் ஆரம்பித்தாள். இந்த முறை தலைகீழாக.

"நான் யாரு?"

"நீதான். எங்கண்ணாடிக்காரி."

"ஆபீஸ்ல கேட்டா?"

பெரியக்கா குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "தங்கச்சி."

"இல்ல. இனிமே அப்படிச் சொல்ல வேண்டாம். நான் உன்னைக் கட்டிக்கப் போறவ. அப்படிச் சொல்லு."

"வெளியிலயா?" பெரியக்கா கதவைப் பார்ப்பாள். "யாராவது கேட்டுடப் போறாங்கடி."

"கேக்கட்டும். இப்போ ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"நீதானே சொல்லக் கூடாதுன்னே?"

"நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெரியக்கா தானே பல் தேய்த்து, தானே சட்டைக்குப் பட்டன் போட்டு, "இன்னிக்கு எழுதப் போறோம், இல்ல?" என்றாள். மூன்று முறை கேட்டபோதும், "இவளைக் கட்டிக்கப் போறேன், என் இஷ்டம்தான்" என்று தப்பில்லாமல் சொன்னாள். வீட்டுக்காரம்மா வாசல்வரை வந்து சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினார். ஆட்டோ கிடைக்கும் வரை காத்திராமல் பஸ்ஸிலேயே போனார்கள்.

சின்னக்காவை முதலில் கேட்டார்கள். "இவளைக் கட்டிக்கப் போறேன், என் இஷ்டம்தான்" என்று அவளும் சொன்னாள். அரசாங்க அறை ஒன்றில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவுக்குப் பதில் கண்ணாடித் தடுப்புதான், எல்லாம் கேட்டது.

அதிகாரி நடுவயதுப் பெண்மணி. நிதானமாகக் கேட்டார். "வெளியில உக்காந்திருக்காங்களே, அவங்க யாரும்மா உங்களுக்கு?"

பெரியக்கா மேசைமேல் இருந்த முத்திரையைப் பார்த்தாள். அதிகாரியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் சின்னக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றாள், நின்று என்ன செய்ய?

"என் தங்கச்சி" என்றாள் பெரியக்கா, கணீரென்று. "கூடப்பிறந்த தங்கச்சி. எங்கப்பா முதல்ல போஸ்ட் ஆபீஸ்ல இருந்தாரு. அப்புறம்தான் கப்பல்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒண்ணும் அவசரமில்ல."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கேள்வியை வேறு விதமாக இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பதில் இன்னும் உறுதியாக வந்தது. மூன்றாவது முறை பெரியக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

வெளியே வந்து அதிகாரி சின்னக்காவின் தோளில் கை வைத்தார். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம் என்றார். குமாஸ்தா தன் மேசையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் என்ன மிச்சமிருக்கும் என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

படியில் இறங்கும்போது பெரியக்கா அவள் காதருகே குனிந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கரெக்டா சொல்லிட்டேனா?"

சின்னக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கரெக்டா சொன்ன."

"அந்தம்மா விடாம நோண்டினா. நான் அசரலையே."

"அசரல. நீ எப்போ அசந்திருக்க?"

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் பெரியக்காவின் இடது கால் தானாக அழுத்தியது. எதிர் இருக்கையில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். பெரியக்காவின் சட்டைப் பட்டனைச் சின்னக்கா சரியாகப் போட்டுவிடுவதையும் பார்த்தாள்.

"அக்காவாங்க?" என்றாள், பேச்சுக்கு.

இத்தனை வருடமாக இந்தக் கேள்விக்குச் சின்னக்கா யோசித்ததே இல்லை. தலை தானாக ஆடும். இன்று ஆடவில்லை.

"இல்லைங்க" என்றாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. முன்னால் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "என் சம்சாரம்."

காய்கறிப் பைக்காரி, "ஓ" என்றாள். பிறகு, பையை நகர்த்திக் கால் நீட்ட இடம் கொடுத்தபடி, "உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டாள்.

சின்னக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். தொடையில் சுரீரென்றது. முந்தானை மறைவில் பெரியக்கா அவளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது, ஒன்றும் தெரியாதவளைப் போல. விரல்கள் மட்டும் பயத்தில் இறுகியிருந்தன. இறங்குகிற இடம் வரும்வரை அவள் பிடியை விடவில்லை. சின்னக்காவும் விலக்கவில்லை.